எல்லையை வரைந்தது எண்ணே!

திருத்தணிகை மலைமேல் நின்று வடக்கு நோக்குவார்க்கு ஆந்திர நிலம் அணித்தே உளது. இருபுறத்து மண்ணிலும் நிற வேறுபாடு இல்லை. இருபுறத்தும் கரும்பு விளைகின்றது; இருபுறத்தும் தறி ஓடுகின்றது. ஆடிக் கார்த்திகையன்று காவடி சுமந்து படியேறுவோருள் இருபுறத்தாரும் உளர். ஆயினும், இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று ஓடுகின்றது. அக் கோட்டுக்குத் தெற்கே பிறந்த குழந்தைக்கு ஒரு பள்ளி, ஓர் ஆட்சிமொழி, ஒரு சட்டமன்றம். வடக்கே பிறந்த குழந்தைக்கு வேறொரு பள்ளி, வேறோர் ஆட்சிமொழி, வேறொரு சட்டமன்றம். அக் கோட்டை வரைந்தவர் யார்? எதனைக் கொண்டு வரைந்தனர்? இவ் வினாவுக்கு விடை காணாத தமிழன், தன் நாட்டின் எல்லையை அறிந்தவன் ஆகான்.

வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்பதற்குத் தொல்காப்பியப் பாயிரம் தொன்மைச் சான்று. அச் சான்றை நெஞ்சில் ஏந்தியே எல்லை காத்தோர் போராடினர். ஆயினும், எல்லை தீர்க்கப்பட்ட நாளில் நடுவர்முன் முதலிடம் பெற்றது பாயிரம் அன்று. ஊர்தோறும் இன்ன மொழியினர் இத்துணைப் பேர் என்னும் கணக்கெடுப்புப் பட்டியலே. பாட்டு உரிமையை நினைவூட்டிற்று; போராட்டம் நடுவரை வரவழைத்தது; கோட்டை வரைந்ததோ எண். கசப்பாயினும் இவ் வுண்மையைத் தமிழிளைஞர் உணர்ந்தே ஆகவேண்டும்.

வரலாற்றைச் சுருங்கக் காண்க. வடவார்க்காட்டு மாவட்டத்தின் சில பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்து 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. திருத்தணி அதனுள் அடங்கிற்று. அன்று அது வெறும் ஆட்சி வசதி பற்றிய ஏற்பாடு; இரு பகுதியும் சென்னை ஆட்சிக்கு உட்பட்டவையே ஆகலின் எவரும் பெரிதாகக் கருதவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1953ஆம் ஆண்டு அக்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது, அந்த ஏற்பாடே தமிழர் கழுத்தில் சுருக்காக விழுந்தது. சித்தூர் மாவட்டம் தெலுங்கர் பெரும்பான்மையினது. ஆகவே முழு மாவட்டமும் ஆந்திரத்திற்கே என்றனர். தமிழ் பேசும் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அம் முழுமைக்குள் மூழ்கின.

மூழ்கியதை மீட்க எழுந்தோர் பலர். ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார், 1946ஆம் ஆண்டில் தமிழரசுக் கழகம் கண்ட ம. பொ. சிவஞானம், திருத்தணி கே. விநாயகம், இன்னும் பெயர் பொறிக்கப்படாத உழவரும் நெசவாளரும் ஆசிரியரும் மாணவரும் இன்னல் ஏற்றனர், சிறை புகுந்தனர், உயிரீந்தாரும் உளர். மங்கலங்கிழார் 1953ஆம் ஆண்டிலேயே மறைந்தார். மீட்சியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. போராட்டத்தின் பயனாக இரு மாநில அரசுகளும் ஒப்பிய நடுவராக எச். வி. படாசுகர் அமர்த்தப்பட்டார். 1957ஆம் ஆண்டில் அவர் தம் முடிபைத் தந்தார். 1959ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழகம் சேர்ந்தன. மாற்றாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரம் சென்றன. திருப்பதி வரவில்லை, சித்தூர் வரவில்லை.

படாசுகர் கொண்ட அளவைகள் மூன்று. ஒன்று, சிற்றூரே அலகு. இரண்டு, நிலத் தொடர்ச்சி. மூன்று, மொழிப் பெரும்பான்மை. இம் மூன்றனுள் முதலாவதைக் கூர்ந்து நோக்குக. 1953இல் மாவட்டம் அலகாயிற்று. திருத்தணி தமிழரிடமிருந்து போயிற்று. 1957இல் சிற்றூர் அலகாயிற்று. திருத்தணி தமிழரிடம் வந்தது. இடைப்பட்ட நான்காண்டில் அம் மக்கள் மாறினரா? மொழி மாறிற்றா? மலை நகர்ந்ததா? ஒன்றும் இல்லை. எண்ணும் அலகு மாறிற்று, நாடே மாறிற்று! இரண்டாம் அளவையும் அத்தகையதே. நாற்புறமும் தெலுங்கூர் சூழ்ந்த ஒரு தமிழூர், தன்னுள் எத்துணைப் பெரும்பான்மை கொண்டிருப்பினும், தொடர்ச்சி இன்மையால் விடுபடும். அளவையைத் தெரிந்தெடுப்பவன் கையிலேயே பாதி முடிபு இருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் அளவையோ இன்னும் நுட்பமானது. ஒருவரின் மொழி யாது என்பதை எவ்வாறு அறிவது? கணக்கெடுப்போர் கேட்ட வினாவே காலந்தோறும் வேறுபட்டுள்ளது. 1891ஆம் ஆண்டில் பெற்றோர் மொழியைக் கேட்டனர். 1901ஆம் ஆண்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியைக் கேட்டனர். 1951ஆம் ஆண்டில் தாய்மொழியைக் கேட்டனர். 1961ஆம் ஆண்டு முதல், குழந்தைப் பருவத்தில் தாய் தன்னிடம் பேசிய மொழி யாது என்று வரையறுத்துக் கேட்கின்றனர். எல்லையூர் நெசவாளன் ஒருவனை எண்ணிப் பார்க்க. வீட்டில் தாயிடம் ஒருமொழி, தறிக்கூடத்தில் மற்றொரு மொழி, சந்தையில் இரண்டும். வினா மாறினால் அவன் விடையும் மாறும். அவன் பொய்யன் அல்லன், வினாவே வேறு. அவன் விடையை எழுதிக்கொள்பவர் எம்மொழியர் என்பதும் ஒருபால் எண்ணத்தக்கது. எழுதுகோல் ஓர் இமைப்பொழுது சாய்ந்தால் ஓர் ஊரே சாயும்.

இது பழங்கதை என்று தள்ளுவார் உளராயின், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அவர் புரட்டிப் பார்க்க. இந்தியர் நூற்றுவருள் ஏறத்தாழ 44 பேர் இந்தி பேசுவோர் என்று அக் கணக்கைக் காட்டி முழங்குகின்றனர். 52.8 கோடி என்பது அவர்தம் எண். ஆனால், இந்தியையே தம் தாய்மொழியாகக் கூறினோர் 32.2 கோடியினரே. எஞ்சிய இருபது கோடி எங்கிருந்து வந்தது? போச்சுபுரி பேசும் ஐந்து கோடியினரும், இராசசுத்தானி பேசும் இரண்டரைக் கோடியினரும், சத்தீசுகரி, மககி முதலான பல மொழியினரும் இந்தி என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் கூட்டப்பட்டனர். எண் பொய்யன்று, தலைப்பே சூழ்ச்சி. அவ் வெண்ணைத் தலைமேற் கொண்டே நடுவணரசின் மொழிக்கொள்கைக்கு நயன்மை கற்பிக்கின்றனர். எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் மட்டுமே அதற்கு மறுமொழி கூற இயலும். வெறுங்கூச்சல் அதற்கு மறுமொழி ஆகாது.

கடல் கடந்த ஈழத்தில் நிகழ்ந்ததையும் நினைக. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில், மருத்துவம் பொறியியல் முதலிய துறைகட்குத் தமிழ்வழித் தேர்வெழுதியோர் சிங்களவழி எழுதியோரினும் மிகுந்த மதிப்பெண் பெறவேண்டும் என்றாக்கினர். அடுத்த ஆண்டுகளில் அதனைத் தரப்படுத்தல் என்னும் புள்ளியியற் போர்வையால் மூடினர். பின் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. வாளும் வேலும் இன்றி, ஒரு கணக்கு வாய்பாட்டைக் கொண்டே ஒரு தலைமுறையின் கல்விக் கதவைச் சாத்தினர். அதன் விளைவு யாது என்பதை ஈழமண் அறியும், உலகும் அறியும்.

இவை யாவும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. அரசு எதனைச் செய்வது, எவர்க்குச் செய்வது, எதனைச் செய்யாது விடுவது என்று துணிவதே பொதுக்கொள்கை. அத் துணிபுக்கு அடியில் ஓர் எண் இருக்கின்றது; எண்ணுக்கு அடியில் ஒரு வினா இருக்கின்றது; வினாவுக்கு அடியில் ஒரு சொல் இருக்கின்றது; சொல்லுக்கு அடியில் ஒரு மொழி இருக்கின்றது. ஆகவேதான் பொதுக்கொள்கையும் அதன் ஆய்வுநெறியும் பல்கலைக்கழகங்களில் பயிலப்படும் ஒரு பாடம் என்னும் அளவில் நில்லாமல், ஓர் இனத்தின் தற்காப்புக் கலையும் ஆகின்றன.

இப் படிப்பு கற்பிப்பது யாது? சிக்கலைச் சிக்கலென வரையறுப்பது, அலகைத் தெரிவது, எல்லாரையும் கேட்க இயலாதவிடத்து ஒரு கூறினரை நடுநிலையோடு தெரிந்தெடுப்பது, வினாநிரல் அமைப்பது, கள ஆய்வு செய்வது, மாற்று வழிகளைச் செலவும் பயனும் நோக்கி ஒப்பிடுவது, திட்டம் நிறைவேறிய பின்னர் அது சேரவேண்டியவரைச் சேர்ந்ததா என்று மதிப்பிடுவது. இவற்றுள் எதுவும் மந்திரமன்று. தமிழ்ப் பிள்ளைக்கு எட்டாததும் அன்று.

ஓர் எடுத்துக்காட்டு. விசைத்தறியார்க்கு இரு திங்கட்கு ஒருமுறை 750 அலகு மின்னாற்றலைக் கட்டணமின்றி வழங்கி வந்த தமிழக அரசு, 2023ஆம் ஆண்டில் அதனை 1000 அலகாக உயர்த்திற்று. நல்ல செயலே. ஆனால் அதன் பயன் எவரைச் சேர்ந்தது? தறிக்கு உடையவரையா? நூலைக் கொடுத்துத் துணியை வாங்கும் வணிகரையா? கூலிக்குத் தறி ஓட்டுவோரையா? கட்டணம் குறைந்ததனால் நெய்கூலி உயர்ந்ததா, அன்றி வணிகர் அத்துணையும் கழித்துக்கொண்டனரா? இவ் வினாக்களுக்குக் கோட்டையில் இருந்துகொண்டு விடை கூறல் இயலாது. பள்ளிப்பட்டுத் தறிக்கூடத்தில் சென்று அமர்ந்து கேட்டல் வேண்டும்.

எம்மொழியில் கேட்பது? இங்கேதான் வேர் இருக்கின்றது. வினாநிரல்கள் ஆங்கிலத்தில் பிறந்து, அரைகுறையாகப் பெயர்க்கப்பட்டு, களத்தில் கேட்பவரின் வாயில் மூன்றாம் முறை திரிகின்றன. “நீங்கள் வேலை செய்கின்றீர்களா?” என்று கேட்டால், விடியற்காலை முதல் இரவுவரை தார் சுற்றும் பெண், “வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்பாள். அவள் உழைப்பு ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாத உழைப்புக்குக் கூலியும் இல்லை, காப்பும் இல்லை. “நாளைக்கு எத்தனை தார் சுற்றுகின்றீர்கள்?” என்று கேட்பின், அவள் உடனே எண்ணைச் சொல்வாள். குடும்பம் எத்தனை என்று கேட்பதைவிட, அடுப்பு எத்தனை என்று கேட்பதே ஊரில் தெளிந்த விடை தரும். கணக்கெடுப்புச் சட்டகமும் ஒரே சமையலில் உண்போரையே ஒரு வீட்டாராகக் கொள்கின்றது. அறிஞர் பல பக்கங்களில் வரையறுப்பதை ஊரார் ஒரு சொல்லில் வைத்துள்ளனர். அச் சொல்லை அறியாத ஆய்வு, கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் ஆய்வே.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இத் துறை புதியதன்று. 1915ஆம் ஆண்டில் பொருளியற் பேராசிரியராக வந்த கில்பர்ட்டு சிலேட்டர், தம் மாணவரை வினாநிரலோடு சிற்றூர்களுக்கு அனுப்பினார். தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் நிலமும் கூலியும் கடனும் உணவும் ஆராயப்பட்டு, 1918ஆம் ஆண்டில் நூலாயின. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தார் அவ் வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர்; அந்நூல் 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரே ஊரை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் அளந்து மாற்றத்தைக் காணும் அரிய நெறி தமிழ் மண்ணில் நூறாண்டுக்கு முன்பே ஊன்றப்பட்டது. பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால், மாணவர் கேட்டது தமிழில். மக்கள் சொன்னது தமிழில். நூல் வந்ததோ ஆங்கிலத்தில். தம்மைப் பற்றி என்ன எழுதினர் என்பதைப் படித்தறிய அவ் வூர் உழவனுக்கு வழி இல்லாது போயிற்று. சொன்னவன் படிக்க இயலாத ஆய்வு, அவனிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருளேயன்றி, அவனுக்கு அளிக்கப்பட்ட அறிவன்று.

திருத்தணியிற் பிறந்த ஒருவரே இந்நிலையை மாற்றும் வாய்ப்பை முன்வைத்தார் என்பது பலர் மறந்த செய்தி. 1948ஆம் ஆண்டில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைவர் இராதாகிருட்டிணன். உயர்கல்வியில் ஆங்கிலத்தை அகற்றி, இயன்ற விரைவில் இந்திய மொழி ஒன்றை அமர்த்தவேண்டும் என்றும், அம் மொழி சமற்கிருதமாக இருத்தல் இயலாது என்றும், வட்டார மொழிவழியே உயர்கல்வி அளிக்கப்படவேண்டும் என்றும் அவ் வாணையம் 1949ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. விரும்பின் கூட்டரசு மொழியையும் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று அது திறந்துவைத்த பக்கக் கதவு தமிழர்க்கு ஏற்புடையதன்று. அவ் வழியே இந்தி நுழையும் என்பதைத் தமிழகம் அறியும். ஆயினும், வட்டார மொழிவழி உயர்கல்வி என்னும் நடுக்கருத்து சரியானதே. முக்கால் நூற்றாண்டு கடந்தது. 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாட்டில், ஆட்சிக்கு அறிவு வழங்கும் துறை இன்றும் ஆங்கிலத்திலேயே மூச்சு விடுகின்றது. கோப்பு தமிழில் இருக்கவேண்டுமாம்; கோப்புக்குக் கருத்து மட்டும் ஆங்கிலத்தில் பிறக்கவேண்டுமாம்! வேர் ஒரு மண்ணிலும் கிளை ஒரு மண்ணிலும் தழைத்த மரம் உண்டோ?

தமிழில் கலைச்சொல் இல்லை என்பார் கூற்று நெடுநாளைப் பொய். கருதுகோள், தரவு, கூறெடுப்பு, வினாநிரல், சராசரிக்கு ஈடான நிரவல், விழுக்காடு, மதிப்பீடு என்று சொற்கள் உள. இல்லாதவற்றை ஆக்கிக்கொள்ளும் வேர்ச்சொல் வளமும் உண்டு. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலைத் தமிழ்வழித் தொடங்கிற்று. பாலம் கட்டும் கணக்கைத் தமிழில் சொல்ல இயலுமாயின், பசியை அளக்கும் கணக்கைத் தமிழில் சொல்ல இயலாதா? உலக அறிவு ஆங்கிலத்தில் உள்ளதே என்பார்க்கும் விடை உண்டு. ஆங்கிலத்தையும் படிக்க, பிறமொழிகளையும் படிக்க, கொண்டுவந்து தமிழில் வைக்க. வாயில் திறந்திருக்கட்டும், வீடு தமிழருடையதாக இருக்கட்டும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. ஆய்வு என்பது முழக்கத்துக்கு எண்ணைத் தேடும் வேலை அன்று. தமிழ்ப்பற்றுடைய இளைஞன் களத்துக்குச் செல்லும்பொழுது, தனக்கு வேண்டிய விடையை முன்னரே மடியில் கட்டிக்கொண்டு செல்வானாயின், அவனும் இந்திக் கணக்கைக் கூட்டியவனும் ஒருவரே. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் உளர். அவரை உள்ளவாறே எண்ணவேண்டும். அவர்தம் பிள்ளைகளின் கல்வித் தேவையை மறைக்காமல் எழுதவேண்டும். அவ்வாறு எழுதும் நேர்மையே, நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் வாழும் தமிழர்க்கு உரிமை கேட்கும் தகுதியைத் தமிழகத்துக்கு அளிக்கும். எதிரிக்கு ஓர் அளவுகோல், தனக்கு ஓர் அளவுகோல் என்று வைத்திருப்பவன் நடுவர்முன் நிற்க இயலாது. தனக்கு மாறான முடிபு கிடைப்பினும் அதனை வெளியிடும் துணிவே ஆய்வுநெறியின் முதற்பாடம்.

உண்மையில், திருத்தணி எல்லை ஒரு புண் மட்டுமன்று. ஒரு பள்ளியும் ஆகும். ஒரே நிலம், ஒரே தொழில், ஒத்த பழக்கவழக்கம். ஆனால் இரண்டு அரசுகள். பள்ளிப்பட்டிலும் விசைத்தறி, நகரியிலும் விசைத்தறி. இப்புறம் ஒரு திட்டம். அப்புறம் வேறொரு திட்டம். எது மக்களுக்கு நலம் தந்தது என்பதை இருபுறமும் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு, ஆய்வுக்கூடத்தில் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் கிட்டாது. எல்லையூர்ப் பிள்ளைக்கோ அது காலாற நடக்கும் தொலைவில் உள்ளது. இரு மொழியும் அறிந்த அவனினும் அவளினும் தகுதி வாய்ந்த ஆய்வாளர் எவர்?

காலமும் நெருங்குகின்றது. 2021ஆம் ஆண்டில் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு அதனை நடத்துவதாக 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் நடுவணரசு அறிவித்தது. அவ் வெண்களைக் கொண்டே தொகுதியும் நிதியும் மொழிநிலையும் வழக்கிடப்படும். அவ் வழக்கில் தமிழர் பக்கம் நின்று பட்டியலைப் பிரித்துக் காட்டவல்லார் எத்தனை பேர் அணியமாக உளர்?

ஆகவே, தமிழகப் பல்கலைக்கழகங்கள் பொதுக்கொள்கைப் படிப்பையும் அதன் ஆய்வுநெறியையும் தமிழ்வழித் தொடங்குதல் வேண்டும். அரசு நடத்தும் எந்தக் கணக்கெடுப்பின் வினாநிரலும் முதற்கண் தமிழில் அமைந்து, ஓர் ஊரில் கேட்டுப் பார்த்துத் திருத்தப்படுதல் வேண்டும். ஆய்வின் முடிபு, அது செய்யப்பட்ட ஊரின் மன்றத்தில் தமிழில் படிக்கப்படுதல் வேண்டும். எல்லைப்புறக் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் தத்தம் ஊரை அளந்து, அவ் வேட்டை அடுத்த அணியினரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை, உறுதியே தேவை.

திருத்தணி மலைக்குப் படிகள் 365 என்பர். அடிவாரத்தில் நின்று அந்த எண்ணைக் கேட்டறிந்தவன் மலையேறியவன் ஆகான். ஒவ்வொரு படியையும் தன் காலால் அளந்தவனே ஏறியவன். பிறர் எண்ணித் தந்த கணக்கைக் கொண்டு தமிழர் வாழ்ந்தது போதும். 1953இல் மாவட்டம் என்னும் ஒரு சொல் திருத்தணியைக் கொண்டுபோயிற்று. 1957இல் சிற்றூர் என்னும் ஒரு சொல் அதனைக் கொண்டுவந்தது. அடுத்த சொல்லை எழுதப்போகும் கை எவருடையது? அது தமிழ் கற்ற கையாக இருக்கட்டும். தமிழில் எண்ணும் கையாக இருக்கட்டும். பொய் எழுதாத கையாக இருக்கட்டும்!